இடது கண்மணி மட்டும் விரிந்த நாள்: வேலந்தாவளத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

34 வயதுப் பெண். எருத்தேம்பதிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எதுவும் இல்லை. கண்ணாடி போட்டதில்லை. தை மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, முந்தானையால் இடது கண்ணை மூடிக்கொண்டு, பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில் இருக்கும் எங்கள் கண் பரிசோதனை நிலையத்துக்குள் வந்தார். கூடவே கணவரும் மாமியாரும் வந்திருந்தார்கள். கணவர் கையில் ஒரு சீட்டு. அன்று காலையிலேயே வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். மூளை நரம்பாக இருக்கலாம், உடனே கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். போகிற வழியில்தான் எங்கள் கடைத்தெரு. ஸ்கேனுக்கு ஆகும் பணத்தைப் புரட்டுவதற்குள் இங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இறங்கியிருக்கிறார்கள்.

"காலையில எந்திரிச்சதுமே பொண்ணுதானுங்க சொன்னா, ஒரு கண்ணு பெருசா இருக்குதும்மான்னு. வெளிய வந்தா வெயில் ஊசி மாதிரி குத்துதுங்க சார்."

முந்தானையை எடுக்கச் சொன்னேன். டார்ச் தேவையே இல்லை. வலது கண்மணி வழக்கம்போல இருந்தது. இடது கண்மணி, தன்னைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முழுக் கறுப்பாக நின்றது. எங்கள் பக்கத்து மலையாளிகள் கண்மணியைக் கிருஷ்ணமணி என்பார்கள். அன்று இடது கண்ணில் கருமையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இப்படி ஒருவர் வந்தால் முதலில் மனம் போகிற இடம் பயங்கரமானதுதான். கண்மணியைச் சுருக்கும் நரம்பிழைகள் மூன்றாவது மூளை நரம்பின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுகின்றன. மூளைக்கு அடியில் ஒரு தமனி புடைத்து அந்த நரம்பை அழுத்தினால் முதலில் அடிபடுவது இந்த இழைகள்தான். அந்தப் புடைப்பு வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் பார்த்தவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் பயந்த கையோடு இன்னும் பத்து நிமிடம் டார்ச்சும் அளவுகோலும் வைத்துப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இமை. இரண்டும் ஒரே உயரம், தொங்கல் இல்லை. அடுத்து அசைவு. என் விரலைப் பார்த்தபடி மேலே, கீழே, இரண்டு பக்கமும் விழி முழுதாகத் திரும்பியது, இரட்டையாகத் தெரியவில்லை. மூன்றாவது நரம்பு கெட்டால் பெரும்பாலும் இமை தொங்கும், விழி வெளிப்புறமும் கீழ்ப்புறமுமாக ஒதுங்கும். இங்கே அந்த நரம்பு செய்கிற மற்ற வேலையெல்லாம் சரியாக நடக்க, கண்மணி மட்டும் கைவிட்டிருந்தது. தலைவலி இல்லை, வாந்தி இல்லை, பேச்சு தெளிவு. நாடி 78. வாய் உலரவில்லை.

அப்புறம் வெளிச்சத்தில் ஒரு அளவு, இருட்டில் ஒரு அளவு. சன்னல் திறந்த அறையில் வலது 3 மில்லிமீட்டர், இடது 8. சன்னலைச் சாத்தி விளக்கை அணைத்ததும் வலது 6 ஆனது, இடது அதே 8. இந்த ஒப்பீட்டை யாரும் தவிர்க்கக் கூடாது. வித்தியாசம் வெளிச்சத்தில் கூடினால் பெரிய கண்மணியே நோயுள்ளது, அதனால் சுருங்க முடியவில்லை என்று அர்த்தம். இருட்டில் கூடினால் சின்னதுதான் நோயுள்ளது, அதனால் விரிய முடியவில்லை. இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம், அதுவும் 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து பேரில் ஒருவருக்கு அப்படி இயல்பாகவே சின்ன வித்தியாசம் இருக்கும்.

இனி டார்ச். இடது கண்ணில் அடித்தேன். இடது கண்மணி அசையவில்லை, ஆனால் வலது கண்மணி சட்டென்று சுருங்கியது. வலது கண்ணில் அடித்தேன். வலது சுருங்கியது, இடது அப்படியே நின்றது. இந்த நான்கு விடையிலும் பாதி நோய் வெளிப்பட்டுவிடும். ஒளி விழித்திரையில் பட்டதும் செய்தி பார்வை நரம்பு வழியாக உள்ளே போகிறது. நடுவழியில் இழைகளில் பாதி எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கின்றன. நடுமூளையில் ஒரு சந்திப்புக்குப் போய், அங்கிருந்து இரண்டு பக்கத்துக்கும் கட்டளை கிளம்புகிறது. எந்தக் கண்ணில் ஒளி விழுந்தாலும் இரண்டு கண்மணியும் சேர்ந்தே சுருங்குவது அதனால்தான். இந்தச் சுற்று முழுக்க நடக்க ஏறக்குறைய கால் வினாடி ஆகும். இடது கண்ணில் விழுந்த ஒளிக்கு வலது கண்மணி ஒழுங்காகப் பதில் சொன்னது என்றால் இடது விழித்திரையும் பார்வை நரம்பும் நடுமூளையும் நன்றாக இருக்கின்றன. கட்டளை திரும்பி வரும் பாதையின் கடைசிப் பகுதி மட்டுமே கெட்டிருக்கிறது. அது நரம்பா, கண்மணியைச் சுருக்கும் தசையா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

பார்வை அளவையும் சொல்லிவிடுகிறேன். தூரப் பார்வை வலது 6/6, அதாவது இயல்பான பார்வை. இடது 6/9, அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஊசித்துளை அட்டை வழியாகப் பார்த்தபோது இடதும் 6/6. கிட்டப் பார்வையில் வலது நன்றாக வாசித்தது, இடது கண்ணுக்குக் காலண்டரின் சின்ன எழுத்து கலங்கியது. ஆக, கண்மணித் தசை மட்டுமல்ல, லென்ஸைத் திரட்டும் தசையும் உள்ளே அயர்ந்திருக்கிறது. நரம்புக் கோளாறிலும் இது வரும், மருந்து பட்டாலும் வரும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் கண்ணின் முன்னறை ஆழமாகவே இருந்தது. இது முக்கியம். முன்னறை ஆழம் குறைந்தவர்களுக்குக் கண்மணி விரிந்தால் கண்ணழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம்.

எங்கள் நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் வரும் கண் மருத்துவருக்குப் போன் செய்து, காணொளியும் அனுப்பினேன். பைலோகார்பைன் போட்டுப் பார்ப்போம் என்றார்.

இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கண்மணியைச் சுருக்க வரும் நரம்பு தன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருளை உமிழ்கிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. தென்னமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து கிடைக்கும் பைலோகார்பைன் நரம்புக்குக் காத்திராமல் நேரே அந்த ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து தசையைச் சுருக்கும். ஆகவே நரம்பு கெட்டிருந்தால், 1 சதவீத பைலோகார்பைன் சொட்டுக்குக் கண்மணி சுருங்கியாக வேண்டும். ஏற்பியையே வேறேதோ ஒன்று அடைத்திருந்தால் சுருங்காது. நரம்பு போய் நாளாகிவிட்ட கண்ணில் தசை பட்டினியில் ஏங்கிக் கிடக்கும் என்பதால் மிகவும் நீர்த்த சொட்டுக்கே சுருங்கிவிடும்.

கடையில் கிடைப்பது 2 சதவீதச் சொட்டு. ஒரு பங்குக்கு 15 பங்கு உப்புநீர் சேர்த்தால் 0.125 சதவீதம். முதலில் அதை இரண்டு கண்ணிலும் விட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இடதில் மாற்றமில்லை. அப்புறம் சம பங்கு கலந்த 1 சதவீதம். அரை மணி நேரத்தில் வலது கண்மணி 1.5 மில்லிமீட்டராகக் கடுகு போலச் சுருங்கியது. இடது 8 மில்லிமீட்டரிலேயே நின்றது.

ஏற்பிகள் அடைபட்டிருக்கின்றன. இவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. என்ன பட்டது?

நான் தவறவிட்ட இடம் இங்கேதான் இருக்கிறது. வந்ததும் கேட்ட முதல் கேள்வியே "கண்ணுல மருந்து ஏதாச்சும் போட்டியா அம்மிணி?" என்பதுதான். காலையில் பார்த்த இடத்திலும் மலையாளத்தில் மருந்து பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றுதான் அவரும் சொன்னார். எங்கள் ஊரில் மருந்து என்றால் சொட்டு மருந்தும் ஆகும், தக்காளிக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் ஆகும். அவர் இரண்டையும் நினைத்துப் பார்த்தே இல்லை என்றிருக்கிறார், அது உண்மையும்கூட. பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் வகை உடம்பில் ஏறினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குமே தவிர விரியாது. நரம்பு உமிழும் அசிட்டைல்கோலினைக் கரைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. அப்போது மாற்றாகக் கொடுப்பதே கண்மணியை விரிக்கும் அட்ரோபின்தான். சரி, மருந்து இல்லை. வேறென்ன? நெபுலைசர் வைத்தீர்களா, பயணத்தில் வாந்திக்கு ஒட்டும் பட்டை ஏதும் ஒட்டினீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவருடைய கை நேற்று எதைத் தொட்டது என்று மட்டும் கேட்கவில்லை.

விடை மாமியாரிடமிருந்து வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், "நேத்துப் பூராவும் வரப்புல ஊமத்தையத்தானுங்க வெட்டிப் போட்டா" என்றார்.

தைக் காற்று எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து நுழையும் வறண்ட காற்று, கரிசல் மண்ணைத் தூசியாகக் கிளப்பி முகத்தில் அறையும். வெட்டிக்கொண்டிருக்கும்போது இடது கண்ணில் தூசி விழுந்திருக்கிறது. ஊமத்தைச் சாறு பட்ட புறங்கையால் கசக்கியிருக்கிறார். இது நடந்தது சாயங்காலம். அதற்குப் பிறகு முகம் கழுவி, சோறாக்கி, விளக்கணைத்துப் படுத்துவிட்டார். இராத்திரி வெளிச்சத்தில் இரண்டு கண்மணியுமே விரிந்துதான் இருக்கும். காலை வெயில்தான் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஊமத்தையின் இலை, தண்டு, பூ, முள்காய், விதை எல்லாவற்றிலும் அட்ரோபின், ஹையோசயமின், ஸ்கோபோலமின் உண்டு. மூன்றும் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் கண்ணை விரித்துச் சோதிக்க விடும் டிராபிகமைடு சொட்டு நாலைந்து மணி நேரத்தில் தெளிந்துவிடும். அட்ரோபின் அப்படியல்ல, கண்ணில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். மூணாறு, ஊட்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூச்செடியும் இதே குடும்பம்தான். அதைக் கவாத்து செய்த கையோடு கண்ணைத் தொட்டாலும் இதே கதை.

அந்தக் குடும்பத்துச் செடிகள் கண்மணியை விரிக்கும் என்பது பழைய சங்கதி. 1819இல் ஜெர்மனியின் யேனா நகரில் ரூங்கே என்ற இளம் வேதியியலாளர், இப்படி ஒரு செடியின் சாற்றை விட்டு ஒரு கண்ணை மட்டும் விரித்த பூனையைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிஞர் கோதேயிடம் காட்டினார். வியந்துபோன கோதே ஒரு பிடி காப்பிக்கொட்டையைக் கொடுத்து இதையும் ஆராய்ந்து பார் என்று அனுப்பினாராம். அதிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்ததுதான் காஃபின். எங்கள் சித்தூர் தாலுக்காவிலேயே நெல்லியாம்பதியில் காப்பி விளைகிறது, கீழே வரப்பில் ஊமத்தை முளைக்கிறது. இரண்டையும் இணைக்கும் இந்தக் கதை ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வரும்.

மருத்துவரோடு மறுபடி பேசியபின் ஸ்கேன் தேவையில்லை என்று முடிவானது. தலைவலி, வாந்தி, இமைத் தொங்கல், வாய் உலர்தல், குழப்பமான பேச்சு, இன்னொரு கண்ணும் விரிதல் என எது வந்தாலும் நேரம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கணவரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். ஊமத்தை வயிற்றுக்குள் போயிருந்தால் அது முற்றிலும் வேறு விஷயம், அங்கே காத்திருக்கவே கூடாது.

மறுநாள் அவர் வந்து சொன்னதுதான் இந்த நிகழ்வை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். இடது கண் 7.5, வலது பழையபடி 3. வெயில் குத்துவது கொஞ்சம் பழகிவிட்டது என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க சார். தூளி வட்டமா ஆடுதுங்க" என்றார்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தூளியை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தால், இடமிருந்து வலமாக வரும்போது கிட்டே வருவது போலவும், திரும்பிப் போகும்போது தள்ளிப் போவது போலவும் இருக்கிறதாம். மாமியாரைக் கேட்டால் நேராகத்தான் ஆடுகிறது என்கிறாராம். தனக்கு மூளையிலேதான் ஏதோ ஆகிவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தில் படித்ததை 20 வருடத்தில் முதல்முறையாக ஒருவர் தன் வாயால் சொல்லக் கேட்டேன். இதற்குப் புல்ஃப்ரிக் விளைவு என்று பெயர். ஜெய்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் புல்ஃப்ரிக் 1922இல் இதை விளக்கி எழுதினார். அதுவும் அதே யேனா நகரம். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டிருந்ததால், தான் விளக்கிய காட்சியை அவரால் கடைசிவரை பார்க்க முடியவில்லை.

காரணம் இதுதான். விழித்திரை ஒளியை உணர்ந்து செய்தியாக்க நேரம் பிடிக்கிறது, ஒளி குறையக் குறைய அந்த நேரம் நீள்கிறது. நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, விழித்திரையின் ஒளியுணர் செல்கள் இருட்டில்தான் ஓயாமல் தம் வேதிப்பொருளை உமிழ்ந்துகொண்டிருக்கின்றன. ஒளி பட்டதும் அந்த ஓட்டம் நிற்கிறது. அந்த நிறுத்தம்தான் செய்தி. மங்கல் ஒளியில் பார்க்க உதவும் கோல் செல் ஒன்று ஒரே ஒரு ஒளித்துகளுக்கும் அசையும் அளவுக்கு நுட்பமானது என்று 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் மனிதர்களை வைத்துச் செய்த சோதனையில் கணித்தார்கள். 1979இல் பெய்லர் குழுவினர் தேரையின் ஒற்றைச் செல்லில் அதை மின்னளவாகவே பதிவு செய்தார்கள். ஆனால் அந்த நுட்பத்துக்கு விலை உண்டு. மங்கல் ஒளியில் செல் பொறுமையாகச் சேகரித்துத்தான் பேசும். வெளிச்சத்தில் உடனே பேசும்.

இந்தப் பெண்ணின் இடது கண்ணுக்குள் வலதைவிட அதிக ஒளி போகிறது. கண்மணியின் பரப்பைக் கணக்கிட்டால் 7.5க்கும் 3க்கும் 6 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே இடது கண்ணின் செய்தி சில மில்லி வினாடி முந்துகிறது, வலது பிந்துகிறது. நின்றுகொண்டிருக்கும் பொருளுக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆடும் தூளிக்கு அப்படியில்லை. ஒரே கணத்தில் இடது கண் அதை ஓர் இடத்திலும் வலது கண் சற்றுப் பின்னாலும் பார்க்கின்றன. இரண்டு கண்ணுக்கும் இடையே வரும் இந்த இட வித்தியாசத்தை மூளை ஆழம் என்றே புரிந்துகொள்ளும். அதற்குத் தெரிந்த கணக்கு அது. நேர்கோடு நீள்வட்டமாகிவிடுகிறது.

சொல்லி நம்ப வைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று எதிர்க்கடையில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் நூல்குண்டை வாங்கி வந்து கதவு நிலையில் கட்டி ஆட்டினேன். வட்டமாகத்தான் ஆடுகிறது என்றார் அந்தப் பெண். இடது கண்ணின் முன்னால் மிகக் கறுத்த கண்ணாடி ஒன்றைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பவும் வட்டந்தானுங்க, ஆனா மறுபக்கமாச் சுத்துது" என்றார். அளவுக்கு மீறி மறைத்ததில் இப்போது இடது கண் பிந்திவிட்டது. அதைவிட வெளிறிய பழுப்புக் கண்ணாடியை மாற்றினேன். அவர் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. "நேரா ஆடுதுங்க!" பக்கத்தில் நின்ற கணவரை நோக்கித் திரும்பி, அத்தனை பற்களும் தெரியச் சிரித்தார்.

பரப்புக் கணக்குப்படி ஆறில் ஒரு பங்கு ஒளியை விடும் கண்ணாடி தேவைப்படும் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு கறுப்பு தேவைப்படவில்லை. கண்மணியின் ஓரமாக நுழையும் ஒளி, நடுவில் நுழைவதைவிட, பகல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்புச் செல்களைக் குறைவாகவே தூண்டும் என்று 1933இல் ஸ்டைல்ஸும் கிராஃபோர்டும் கண்டது இங்கே ஒத்துப்போகிறது. என்னிடம் துல்லியமான அளவுக் கருவி கிடையாது, ஆகவே அதற்குமேல் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கண்மணி ஒளியைக் கட்டுப்படுத்தும் கதவு என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் 8 மில்லிமீட்டரிலிருந்து 2க்கு முழுதாகச் சுருங்கினாலும் அது குறைப்பது 16 மடங்குதான். நட்சத்திர வெளிச்சத்துக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் பல கோடி மடங்கு. மிச்சத்தை முழுக்க விழித்திரையே சமாளிக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரே நாளில் வெயில் பழகியதும் அதனால்தான். இன்னொன்று. வெயிலில் வெகுநேரம் நிற்கும்போது வலது கண்மணியைச் சுருக்கியே பிடித்துவைப்பது கோல்களும் கூம்புகளும் மட்டுமல்ல. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டு தாமே ஒளியை உணரும் மூன்றாவது வகைச் செல்கள் விழித்திரையில் இருப்பது 2002 வாக்கில்தான் உறுதியானது. நீல ஒளிக்கு அதிகம் அசையும் அந்தச் செல்கள், கோலும் கூம்பும் அழிந்து பார்வை போனவர்களின் கண்மணியைக்கூடச் சுருக்கிவிடும். பார்ப்பது வேறு, ஒளிக்குப் பதில் சொல்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இடது பக்கம் மட்டும் வெளிறிய பழுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பழைய ஃப்ரேமைக் கொடுத்தேன். வண்டி ஓட்ட வேண்டாம், சாலையைக் கடக்கும்போது துணையோடு போக வேண்டும் என்றேன். வருகிற பஸ்ஸின் தூரமும் அவருக்குத் தப்பாகத் தெரியலாம். நான்காம் நாள் இடது கண்மணி 6 மில்லிமீட்டர், டார்ச்சுக்குச் சோம்பலாக அசைந்தது. ஆறாம் நாள் 4.5, சின்ன எழுத்து தெளிந்தது. ஒன்பதாம் நாள் இரண்டு கண்ணும் 3. ஊசித்துளை இல்லாமலே 6/6. நூல்குண்டைக் கட்டி ஆட்டினேன், கண்ணாடி இல்லாமலே நேராக ஆடியது.

ஊமத்தையை இனி எப்படி எடுப்பது என்று கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு, காற்று அடங்கிய பிறகு, வெட்டாமல் வேரோடு பிடுங்கி எடுப்பது நல்லது, முடிந்ததும் முகத்தைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அரிவாள் பிடியையும் சேர்த்து என்றேன். ஃப்ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர் நின்று, "எல்லாத்தையும் எடுக்க முடியாதுங்க சார். சிவராத்திரிக்குப் பூ வேணும்னு அத்தை ரெண்டு செடிய விட்டு வெக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.